மழைக்கு முன்னால் ஒரு மீட்டிங்: நிவாரணப் பணியில் ஒருங்கிணைப்பு என்பது என்ன?

2005 ஜூலை 26ஆம் தேதி மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒரே மும்பை. தென்மும்பையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது வழக்கமான ஜூலை மழை. குர்லாவிலும் கலீனாவிலும் இருந்தவர்களுக்குத் தரைத்தளம் மூழ்கிய நாள். மித்தி ஆறு கரை மீறியது, லோக்கல் ரயில் நின்றது, பல இடங்களில் போனும் வேலை செய்யவில்லை. எந்தச் சந்துக்கு என்ன வேண்டும் என்பது அந்தச் சந்தில் நின்றவருக்குத்தான் தெரியும். அரிசியும் மருந்தும் படகும் வைத்திருந்தவர்களோ வேறெங்கோ இருந்தார்கள்.

தெரிந்தவரையும் கையில் பொருள் உள்ளவரையும் சேர்த்துவைக்கிற வேலைக்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர். அது பெரும்பாலும் நடப்பது ஓர் அறையில், ஒரு கூட்டத்தில். களத்தில் இருப்பவர்கள் இதைக் கோஆர்டினேஷன் மீட்டிங் என்பார்கள். கேட்டதுமே கொட்டாவி வரும் பெயர். இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது மீட்டிங் என்ன வேண்டியிருக்கிறது, இரண்டு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். நியாயமான கேள்விதான். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கல்யாணப் பந்தியை நினைத்துப்பாருங்கள். பரிமாற ஆசைப்பட்டு ஐந்து பேர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசைக்கு ஓடுகிறார்கள். கடைசி வரிசையில் இலை போட்டு அரைமணி நேரமாகியும் சோறு வரவில்லை. ஐந்து பேருக்கும் நல்ல மனசுதான், யாரும் சோம்பேறி இல்லை. ஆனால் யார் எதை எடுப்பது, யார் எந்த வரிசைக்குப் போவது என்று ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ள நிவாரணத்தில் இது அப்படியே நடக்கும். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய வீடுகளுக்கு வண்டி வந்து நிற்க இடமுண்டு. அதனால் ரேஷன் கிட் அங்கேதான் முதலில் வரும், இரண்டாவதாகவும் அங்கேதான் வரும், போட்டோவும் அங்கேதான் எடுப்பார்கள். உள்ளே மூன்று சந்து தாண்டி, இரண்டு பேர் எதிரெதிரே நடக்கமுடியாத வழியில் இருக்கிற வீட்டுக்கு எதுவும் போயிருக்காது. கொடுத்தவர்கள் கணக்கில் தாராவிக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, கூட்டத்தில் உண்மையில் என்னதான் செய்வார்கள்? நன்றாக நடக்கிற கூட்டத்தில் வேலை ஒன்றுதான்: நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுவது. யார் செய்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எங்கே, எப்போது. உலகம் முழுக்க நிவாரணப் பணியில் இந்த நான்கு கட்டம் போட்ட அட்டவணையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பர் போதும்.

ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு நான்கு தரப்பு வருகிறது. ஒரு தொண்டு நிறுவனம் 300 ரேஷன் கிட் வைத்திருக்கிறது. ஒரு கணபதி மண்டல், அதாவது விநாயகர் விழா நடத்தும் உள்ளூர்க் குழு, சமையல் போட்டு மதியமும் இரவும் சாப்பாடு தருகிறது. நாலைந்து கிளினிக் டாக்டர்கள் முகாம் நடத்தத் தயார். ஒரு பெண்கள் சேமிப்புக் குழுவிடம் பணமும் இல்லை, பொருளும் இல்லை, ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும். எல்லோரும் தங்கள் பங்கை எழுதியதும் முதலில் தெரிவது இரட்டிப்பு. கிட் கொடுப்பவரும் மண்டலும் ஒரே நான்கு சந்தில் நிற்கிறார்கள். ஒருவர் நாலாவுக்கு, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய்க்கு, அந்தப் பக்கம் நகர்ந்தால் வேலை முடிந்தது.

இரட்டிப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டத்தின் உண்மையான பலன் காலிக் கட்டங்களில் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதற்கு நேராக யார் பெயரும் இல்லை. சானிட்டரி நாப்கின், இல்லை. இன்சுலினை ஐஸில் வைக்க இடம், இல்லை. வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகிறவரைத் தூக்கிச் செல்வது யார், இல்லை. அப்புறம் கார்கானா எனப்படும் சின்னப் பட்டறைகளின் மாடியில், தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே படுத்துறங்கும் பீகார், உத்தரப்பிரதேசப் பையன்கள். அவர்கள் குடும்பமாக இல்லை, உள்ளூர் ரேஷன் கார்டு இல்லை, எந்த மண்டலிலும் உறுப்பினர் இல்லை. யாருடைய பட்டியலிலும் இல்லாதவர்கள் இப்படி ஒரு காலிக் கட்டமாகத்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும் நான்கு தரப்புக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தான் செய்வதை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

‘எப்போது’ என்ற கட்டத்தைப் பலர் லேசாக எடுத்துக்கொள்வார்கள். மும்பையில் அது முக்கியம். வெள்ளநீரில் எலிச் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும், அதாவது எலிக்காய்ச்சல். தேங்கிய நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மருந்து பற்றிக் கேட்கவேண்டும் என்று மாநகராட்சி மழைக்காலந்தோறும் சொல்கிறது. மருத்துவ முகாமை வசதியாக அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால் அந்த அவகாசம் போயே போச்சு. கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தால் இதைச் சொல்லித் தேதியை மாற்றுவார்.

எல்லோரும் ஒரே அளவுகோலில் பேசுவதும் முக்கியம். “தண்ணீர் கொடுத்துவிட்டோம்” என்றால் எவ்வளவு? இதற்கு ஸ்ஃபியர் என்ற சர்வதேசத் தரக்கையேடு உதவும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. கழிப்பறை, ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒன்று, நிலைமை கொஞ்சம் அடங்கியதும் 20 பேருக்கு ஒன்று. தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர். ஒரு மாநகராட்சிப் பள்ளியில் 500 பேரைத் தங்கவைத்தால் தினம் 7,500 லிட்டர் தண்ணீர் வேண்டும், கழிப்பறை முதலில் 10, பிறகு 25. இந்தக் கணக்கைப் போட்ட மறுநிமிடமே ‘பள்ளியில் இடம் இருக்கிறது’ என்ற பேச்சு நின்று, நடமாடும் கழிப்பறைக்கு யாரைக் கேட்பது என்ற பேச்சு தொடங்கும்.

இந்தத் தரங்கள் எப்படி வந்தன என்பது சோகமான கதை. 1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் லட்சக்கணக்கானோர் அன்றைய ஜைர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா பகுதிக்கு ஓடினார்கள். உதவி அமைப்புகள் வந்து குவிந்தன, ஆனாலும் காலராவில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஆளாளுக்கு ஒரு தரத்தில் வேலை செய்தது பின்னால் நடந்த ஆய்வில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 1997இல் ஸ்ஃபியர் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு முன்பே 1991இல் ஐ.நா. பொதுச்சபை 46/182 என்ற தீர்மானத்தின் மூலம் ஒருங்கிணைப்புக்கு அடித்தளம் போட்டிருந்தது. 2005இல் தண்ணீர், சுகாதாரம், தங்குமிடம், உணவு என்று துறைவாரியாகக் குழு பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைக்கும் முறை வந்தது. அதைக் கிளஸ்டர் முறை என்கிறார்கள். இந்தியாவில் வழக்கமாக அந்த முறையை ஐ.நா. வந்து நடத்துவதில்லை. இங்கே தலைமை அரசாங்கத்துக்கு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தேசம், மாநிலம், மாவட்டம் என மூன்று அடுக்கில் ஆணையங்கள் இருக்கின்றன. தொண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள தேசிய அளவில் ஸ்ஃபியர் இந்தியா என்ற கூட்டமைப்பு இருக்கிறது, பல மாநிலங்களில் இன்டர் ஏஜென்சி குரூப்கள் இருக்கின்றன. நிர்வாக அமைப்பு பற்றி ஆரம்பத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து இறங்கின. லாரி லாரியாகப் பழைய துணி வந்து சாலையோரத்தில் கொட்டிக் கிடந்தது. சொந்தக் காலில் நின்று பழகிய மீனவர்கள் அடுத்தவர் உடுத்திய துணியைத் தொடவில்லை. இதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர்கள் அங்கேயே இருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை. அந்தச் சூழ்நிலையில், மீனவர்களோடு ஏற்கெனவே பல வருடம் வேலை செய்துவந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா என்ற உள்ளூர் அமைப்பும் முன்கை எடுத்து, 2005 ஜனவரித் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தொடங்கின. வெளியூரிலிருந்து வருகிற எவரும் முதலில் அங்கே போய், எந்தக் கிராமத்தில் என்ன நடக்கிறது, எங்கே எது குறைகிறது என்று தெரிந்துகொண்டு போகலாம். தங்குமிடம், வாழ்வாதாரம், சுகாதாரம் எனத் துறைவாரியாகப் பேச்சு நடந்தது. அரசுத் தரப்பும் தொண்டு நிறுவனத் தரப்பும் ஒரே வளாகத்தில் இருந்ததால், ஒரு சந்தேகத்துக்குக் கடிதம் எழுதி இரண்டு வாரம் காத்திருக்கவேண்டிய அவசியம் குறைந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகளைத் தேவைக்கு மேல் கொடுத்துத் தள்ளினார்கள். படகு கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் பெயர் எழுதலாம், நன்கொடையாளருக்குப் படம் அனுப்பலாம். உப்பளத் தொழிலாளிக்கும் உப்புநீர் ஏறிய வயலில் கூலி போன விவசாயத் தொழிலாளிக்கும் அப்படிக் காட்டுகிற மாதிரி எதுவும் இல்லை, அவர்கள் அதிகம் காத்திருந்தார்கள். கூட்டம் நடத்துவதால் மட்டும் பணம் கொடுப்பவரின் ஆசை மாறிவிடாது. ஆனால் கூட்டத்தின் குறிப்பில் ‘இந்த ஊரில் படகு போதும்’ என்று எழுத்தில் இருந்தால், அடுத்து வருகிறவரிடம் அதை நீட்டிக்காட்ட முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஹெய்ட்டி. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் ஒருங்கிணைப்புக் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. பெரும்பாலானவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐ.நா. தளத்துக்குள் நடந்தன. வாசலில் காவல், நுழைய அடையாள அட்டை. உள்ளே பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த நாட்டு மக்கள் பேசுவது கிரியோல், படித்தவர்கள் பிரெஞ்சும் பேசுவார்கள். ஆக, ஹெய்ட்டிக்கு உதவுவது பற்றிய கூட்டத்தில் ஹெய்ட்டிக்காரர்கள் ரொம்பக் குறைவு. நாகப்பட்டினத்தில் உள்ளூர் அமைப்புகள் வாசலைத் திறந்துவைத்து வெளியூர்க்காரர்களை உள்ளே விட்டன. ஹெய்ட்டியில் வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று உள்ளூர்க்காரர்களிடம் அட்டை கேட்டார்கள். ஒருங்கிணைப்பு என்ற ஒரே பெயரில் நடந்த இரண்டு வேறு காரியங்கள் இவை. எந்தக் கூட்டத்தைப் பற்றியாவது எனக்குச் சொன்னால் எத்தனை அமைப்பு வந்தது என்று நான் கேட்பதில்லை. யார் கூப்பிட்டார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

மொழி விஷயம் மும்பைத் தமிழர்களுக்குப் புதிதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் மூன்று நான்கு தலைமுறை கண்ட குடும்பங்களில் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வார்டு ஆபிஸ் படிவத்தில் மராத்தி. மீட்டிங்குக்கு வரும் தாளோ ஆங்கிலத்தில் இருக்கும். பெரியவர்கள், அதிலும் பெண்கள், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது என்று விரல்விட்டுச் சொல்வார்கள், ஆனால் தமிழில்தான் சொல்வார்கள். “சுருக்கமாக இந்தியில் சொல்லுங்கள்” என்றால் பக்கத்தில் இருக்கும் பையனைப் பேசச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பையன் அவர்களுக்குத் தெரிந்ததில் பாதியைச் சொல்வான். மொழிபெயர்க்க ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைப்பது பெரிய செலவே இல்லை. அதைச் செய்யாத கூட்டங்கள்தான் அதிகம்.

தெரிந்த விவரம் பலம் என்பதை இந்த நகரத்தில் முதலில் நிரூபித்தவர்களில் ஒரு தமிழர் இருக்கிறார். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம், ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் குடியிருந்தவர். 1976இல் அந்தக் காலனியை அகற்றி, மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பியபோது எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தார். 1974இல் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கியவரும் அவரே. பின்னால் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும், பைகுல்லா நடைபாதைப் பெண்களிடமிருந்து 1986இல் எழுந்த மஹிலா மிலனும் அந்தக் கூட்டமைப்போடு கைகோத்தன. இவர்கள் பழக்கப்படுத்திய வேலை, குடியிருப்பை அங்கே வாழ்கிறவர்களே கணக்கெடுப்பது. வீட்டுக்கு எண், ஆட்கள் எத்தனை, என்ன தொழில், கழிப்பறை எத்தனை தூரம். அரசாங்கத்திடம் போகும்போது கையில் தங்கள் கணக்கோடு போனார்கள். அற்புதத்துக்கு 2000ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது, 2018இல் காலமானார்.

இது குடியிருப்பு உரிமைக்காக நடந்த வேலை, வெள்ள நிவாரணத்துக்காக இல்லை. ஆனால் சேமிப்புப் பணம் வாங்க வீடுவீடாகப் போகும் பெண்ணுக்கு, எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். வெளியிலிருந்து வரும் மீட்புக் குழுவிடம் கூகுள் மேப் இருக்கும். அதில் சந்து இருக்காது, இருந்தாலும் ‘மாவு மில்லுக்கு எதிரே, நாலா ஓரம், மேல்மாடி’ என்ற விலாசம் இருக்காது.

2020இல் தாராவியில் இதன் ஒரு வடிவத்தைப் பார்த்தோம். ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கொரோனா நோயாளி. பெரும்பாலோர் பொதுக்கழிப்பறையைப் பயன்படுத்தும், ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் இடத்தில் சமூக இடைவெளி என்பது பேச்சுக்குக்கூட நடக்காது. மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு ஆபிஸ் அங்கேயே கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டது. பாதுகாப்பு உடையோடு சந்துக்குள் போய்ச் சோதித்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். ஐம்பது ரூபாய்க்கு ஊசி போட்டுப் பழகிய டாக்டர் கூப்பிட்டால்தான் ஜனம் கதவைத் திறக்கும். பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமைப்படுத்தும் இடங்களாக மாற்றினார்கள், சாப்பாட்டைத் தொண்டு நிறுவனங்களும் மாநகராட்சியும் பங்கிட்டுக்கொண்டன. அந்த ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களில் ஒன்றாகத் தாராவியின் பெயரைச் சொன்னார். கூட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு வார்டு ஆபிஸ் சரியான விடை கண்டுபிடித்ததும் அதற்கு ஒரு காரணம்.

உள்ளூருக்கு முதலிடம் என்பது சர்வதேச மட்டத்திலும் பல வருடமாகப் பேசப்படுகிறது. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் ‘கிராண்ட் பார்கெயின்’ என்ற ஒப்பந்தம் போட்டார்கள். 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதமாவது முடிந்தவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போகவேண்டும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. 2020 வந்தது, போனது, 25 சதவீதம் வரவில்லை. பக்கத்திலும் வரவில்லை. ஆகஸ்ட் 19 உலக மனிதாபிமான தினம். 2003இல் அதே நாளில் பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் தாக்கப்பட்டு 22 பேர் இறந்ததன் நினைவு. அன்றைக்குப் பல இடங்களில் களப்பணியாளர்களைக் கூட்டிக் கௌரவிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் உலக அளவில் பணியின்போது கொல்லப்படும் நிவாரணப் பணியாளர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டு, அந்தந்த ஊர் ஆட்கள். உயிரைக் கொடுக்க உள்ளூர்க்காரர், பணத்தைப் பிரிக்க வெளியூர்க்காரர் என்றால் மாலையும் பொன்னாடையும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அதற்காகப் பெரிய மாநாடுகளே தண்டம் என்று சொல்ல வரவில்லை. ஏசி ஹாலில் நடந்தாலும் ஒரு பலன் உண்டு, முகம் பழகும். டீ குடிக்கும் நேரத்தில் நாசிக் அமைப்புக்காரர் தன்னிடம் தார்பாலின் குடோன் இருப்பதைச் சொல்வார். ஜூலையில் நள்ளிரவில் அவருக்குப் போன் போட்டால் எடுப்பார், ஏனென்றால் ஆள் யார் என்று தெரியும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ‘அவசரம், தார்பாலின் தேவை’ என்று வந்தால் நானே யோசிப்பேன். நெருக்கடியில் வேலை ஓடுவது நம்பிக்கையால். நெருக்கடி வந்தபிறகு உட்கார்ந்து நம்பிக்கை வளர்க்க நேரம் கிடைக்காது.

குஜராத்தின் கட்ச் மாவட்டம் இதற்கு நல்ல சான்று. 1998 ஜூனில் கண்ட்லாவைப் புயல் அடித்தபின் அங்குள்ள உள்ளூர் அமைப்புகள் கூடி ‘அபியான்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. 2001 ஜனவரி 26இல் பூஜ் நிலநடுக்கம் வந்தபோது அது தயாராக இருந்தது. சில கிராமங்களுக்கு ஒன்றென ‘சேது’ மையங்களைத் திறந்து, கிராமத்துத் தேவையை வெளியிலிருந்து வந்தவர்களிடமும், அரசின் அறிவிப்புகளைக் கிராமத்தாரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முந்தைய புயலில் ஒன்றாக உட்கார்ந்திருக்காவிட்டால் இவ்வளவு வேகம் வந்திருக்காது.

உள்ளூர் என்றாலே நியாயம் என்றும் நினைத்துவிடக்கூடாது. சுனாமிக்குப் பிறகு மீனவ கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து நிவாரணத்தை வாங்கிச் சமமாகப் பிரித்தது பாராட்டப்பட்டது. ஆனால் அந்தச் சமம் பஞ்சாயத்துக்கு வரி கட்டும் குடும்பங்களுக்குள். ஆண் இல்லாத வீடு, ஊருக்கு வெளியே இருந்த தலித், இருளர் குடும்பங்கள் பல இடங்களில் விடுபட்டதைப் பிறகு பலரும் பதிவு செய்தார்கள். மும்பையின் ‘சால்’ எனப்படும் வரிசை வீட்டுக் குடியிருப்புகளில் இதே கதை வேறு பெயரில் நடக்கும்: சொந்தக்காரர் பெயர் பட்டியலில் இருக்கும், வாடகைக்காரர் பெயர் இருக்காது. அதனால்தான் கூட்டத்தில் உள்ளூர்த் தலைவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது, அவரோடு ஒத்துப்போகாத இன்னொருவரும் வேண்டும். சண்டை வரும். வரட்டும், மே மாதத்தில் வருகிற சண்டை ஜூலையில் வருவதை விட மேல்.

கெட்டுப்போகும் கூட்டங்களை அடையாளம் காண்பது சுலபம். முதல் அரைமணி நேரம் வரவேற்புரை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் அமைப்பின் வரலாறு சொல்வார்கள். முடிவு என்ன என்று யாரும் எழுதமாட்டார்கள். மறுநாள் அதே விஷயத்துக்கு இன்னொரு கூட்டம். வாட்ஸாப் குரூப்பில் காலை வணக்கப் பூங்கொத்துக்கு நடுவே ‘ஆக்சிஜன் சிலிண்டர் தேவை’ புதைந்துபோகும், தேவை தீர்ந்து மூன்று நாள் கழித்தும் அதே செய்தி ஃபார்வர்டாகிச் சுற்றும். நெருக்கடி நாட்களில் கூட்டம் 45 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நேற்று ஒப்புக்கொண்டது நடந்ததா, இன்றைக்குக் காலிக் கட்டம் எது, யார் எடுத்துக்கொள்கிறீர்கள். மூன்றையும் பேசி, ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடவேண்டும்.

உங்கள் பகுதியில் தொடங்கவேண்டும் என்றால், மும்பைக்கு மழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் வரும், எனவே மே மாதமே உட்காரவேண்டும். மாநகராட்சியும் ரயில்வே, கடற்படை, வானிலைத் துறை எல்லாரையும் கூட்டி மழைக்கு முன்பே பேசுகிறது. அந்தந்த வருடம் 4.5 மீட்டருக்கு மேல் கடல் எழும்பும் நாட்களின் பட்டியலும் வெளிவரும். அந்த நாட்களில் பெரிய மழையும் சேர்ந்தால் சாக்கடை நீர் கடலுக்குள் போகாமல் திரும்பும், அதனால் பட்டியலைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பேரிடர் உதவிக்கு மாநகராட்சியின் எண் 1916. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தா மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்ற ஆட்கள் உங்கள் பக்கம் இருக்கிறார்களா என்று வார்டு ஆபிஸில் விசாரியுங்கள். கோயில் கமிட்டி, மசூதி கமிட்டி, மண்டல், மகிளா மண்டல், கிளினிக் டாக்டர், பள்ளி ஹெட்மாஸ்டர், கார்கானா முதலாளி, இவர்களில் பாதிப் பேர் வந்தாலே பெரிய விஷயம். பள்ளிச் சாவி யாரிடம், பெரிய அடுப்பும் பாத்திரமும் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும், இவ்வளவையும் எழுதினாலே முதல் கூட்டம் முடிந்துவிடும்.

நேரத்தை மட்டும் யோசித்து வையுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்தால் இட்லி வியாபாரம் செய்யும் பெண்கள் வரமாட்டார்கள், அவர்கள் மாவோடு விடிகாலை எழவேண்டும். மதியம் மூன்று மணி அவர்களுக்குத் தோதுப்படும். அந்த நேரத்தில் கார்கானா ஆட்களை விடமாட்டார்கள், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒன்று வைக்கவேண்டியிருக்கும்.